நான்கு மணி நேரத் தொலைவு

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் அதனை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கடிகாரமோ வேறு கணக்குச் சொல்லும். இரவு எட்டு மணிக்கு இங்குப் புறப்படுபவர் அங்கு இறங்கும்போது மணி ஒன்பதரைதான். அங்கிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்டாலோ, இங்கு வந்து சேர்கையில் பின்னிரவு இரண்டரை ஆகிவிடும். 1982 சனவரி முதல் நாள் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதால் இவ்வேறுபாடு இரண்டரை மணியாயிற்று. அதற்கு முன் இரண்டு மணியே. போவதற்கு ஒன்றரை, வருவதற்கு ஆறரை என்று கடிகாரம் காட்டினும் கடக்கும் வழி ஒன்றே. ஊரை அண்மை என்றும் சேய்மை என்றும் வேண்டியவாறு நாம் சொல்லிக்கொள்வதும் இத்தகையதே.

கப்பல் காலத்தில் இவ்வசதி இல்லை. 1973 வரை ‘ரஜூலா’வும், பின்னர் ‘சிதம்பர’மும் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் மலாயாக் கரையோடு இணைத்தன. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். 1984 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததோடு அக்காலம் முடிந்தது. அந்நாளில் தந்தி விரைந்து வந்துவிடும். மனிதன் போய்ச் சேர முடியாது. தாய் இறந்த செய்தி கேட்டவன் இங்கேயே நீராடி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வேலைக்குச் சென்றான். அவனை எவரும் பழிக்கவில்லை. கடல் அவனுக்குச் சாட்சி சொன்னது.

இன்றோ ஊரில் உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். “எத்தனை மணிக்கு விமானம்?” என்பதே முதற்கேள்வி. விரைவு பெருகியபோது கடமையும் உடன் பெருகிவிட்டது.

செல்ல இயலும் என்பதாலேயே செல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவோமா? முழுவதும் அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூடும் நம் தொழிலாளர்களைப் பாருங்கள். வருவதற்குப் பட்ட கடன் அடையவேண்டும், விடுப்புக் கிடைக்கவேண்டும், பயணச் செலவுக்குப் பணம் வேண்டும். அவர்களுள் பலருக்கு ஊர் நான்கு மணி நேரத் தொலைவில் இல்லை. ஈராண்டுத் தொலைவில் இருக்கிறது. அவர்களுடைய கடல் இன்னும் வற்றவில்லை. மாதச் சம்பளமும் ஆண்டு விடுப்பும் உடைய நம்மைப் போன்றோர், அவர்களுடைய கடலைக் காட்டித் தப்பித்துக்கொள்வதுதான் முறையன்று.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வருவார் என்று நம்பி அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்ன வரலாற்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். இருவரும் அதற்குமுன் சந்தித்ததில்லை. தொலைவு அந்நட்பைக் குறைக்கவில்லை என்று விளக்கம் சொல்கிறோம். உண்மைதான். ஆயினும் அவர் வந்தார். அவ்வருகையை நீக்கிவிட்டால் வரலாற்றில் எஞ்சுவது என்ன?

இப்பாடத்தை நடத்திய ஓர் ஆண்டில், என்னைப் படிக்கவைத்த சிற்றப்பா தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் காலமானார். அன்றிரவே திருச்சிக்கு விமானம் இருந்தது. அதில் இடமும் இருந்தது. திருத்த வேண்டிய தேர்வுத்தாள்கள் இருக்கின்றன என்று தொலைபேசியில் சொன்னேன். “அவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளை உடனே எப்படி வரும்?” என்று சித்தி உறவினரிடம் எனக்காகப் பரிந்து பேசினாராம். மறுநாள் நண்பகல்வரை உடலை எடுக்கவிடாமல் வைத்திருந்தவரும் அவரே என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.