தவக்குலும் முன்விசாரிப்பும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மதுரை காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும், சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கத்து ஊர்களிலும் வெளிநாட்டில் ஒருவரேனும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒருவர் உம்ராவுக்குப் போகிறார். இன்னொருவர் குவைத்துக்கோ துபாய்க்கோ பிழைப்புக்குப் போகிறார். மகளின் பேறுகாலத்துக்காக மலேசியா போகும் தாய்மாரும் உண்டு. புறப்படுமுன் நம்மிடம் வந்து மஸ்அலா கேட்கிறார்கள். கஸ்ருத் தொழுகை எப்போது? விமானத்தில் இஹ்ராம் எங்கே? கிப்லா தெரியாத இடத்தில் என்ன செய்வது? எல்லாம் அவசியமான கேள்விகள்தாம்.

ஆனால், “போகும் நாட்டின் நிலைமையை விசாரித்தீர்களா? உங்கள் விசா எந்த வகை? அங்கே எது எது தடை?” என்று நாம் திருப்பிக் கேட்டால், பலரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: “அல்லாஹ் பார்த்துக்கொள்வான், ஹஜ்ரத்!”

அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதில் முஃமினுக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது தவக்குலா, அல்லது சோம்பலா? இதைத்தான் நாம் சற்று சிந்திக்க வேண்டும்.

குகைக்கு வந்த செய்திகள்

அல்லாஹ்வின் பாதுகாப்பில் நாயகம் (ஸல்) அவர்களைவிட அதிகம் நம்பிக்கை வைத்தவர் யார்? அப்படிப்பட்ட நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மதீனா இருப்பது வடக்கே. அவர்களோ முதலில் தெற்கே சென்று தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் பகலெல்லாம் குறைஷிகளிடையே இருந்து, அவர்கள் தீட்டும் திட்டங்களைக் கேட்டு, இருட்டியதும் குகைக்கு வந்து சொல்வார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை அந்தப் பக்கமாக ஓட்டி வந்து பால் கொடுப்பார், கால்தடங்களும் மறைந்துபோகும். வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமாகவும் இல்லை. பாதை அறிந்தவர், நாணயமானவர் என்பதற்காகவே அவரிடம் ஒட்டகங்களை ஒப்படைத்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான், எதிரிகள் குகை வாசலுக்கே வந்து நின்றபோது, அல்லாஹ் நம்முடன் இருக்கிறான், கவலைப்படாதீர் என்று தோழருக்கு ஆறுதல் கூறினார்கள். முதலில் செய்தி, ஏற்பாடு, வழிகாட்டி. அதன் பிறகு தவக்குல். இந்த வரிசையை நாம் மாற்றிவிடலாகாது.

ஸர்ஃ என்னுமிடத்தில்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டுச் சென்றார்கள். ஸர்ஃ என்னுமிடத்தில் படைத்தளபதிகள் எதிரே வந்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் உடனே ஒரு முடிவைச் சொல்லிவிடவில்லை. முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கருத்து வேற்றுமை ஏற்பட்டது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. குறைஷி முதியவர்களைக் கேட்டபோது, திரும்பிவிடுவதே நலம் என்று ஒருமுகமாகச் சொன்னார்கள். திரும்ப முடிவு செய்தார்கள்.

அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை தந்தார்கள். அந்த வேளையில் வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டிருந்ததை அறிவித்தார்கள். ஓரூரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி அங்கிருந்து ஓடாதீர்கள் என்பது அதன் சாரம்.

இந்த ஹதீஸின் இரண்டு பாதிகளையும் கவனியுங்கள். முதல் பாதி புறப்படாதவனுக்கு. கேள்விப்பட்டால் என்றுதான் சட்டம் தொடங்குகிறது. காதைத் திறந்து வைத்திருப்பவனல்லவா கேள்விப்படுவான்? இரண்டாம் பாதி ஏற்கனவே அங்கே இருப்பவனுக்கு. பதறி ஓடுவது அவனுக்கும் பிறருக்கும் கேடு. 2023 ஏப்ரலில் சூடான் நாட்டில் சண்டை மூண்டபோது இந்தப் பாடத்தைக் கண்ணெதிரே கண்டோம். கார்ட்டூமிலிருந்த இந்தியர்களை முதலில் வெளியே வராமல் இருக்கும்படி நமது தூதரகம் கேட்டுக்கொண்டது. பிறகு அவர்களைச் சூடான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, ஜித்தா வழியாகத் தாயகம் சேர்த்தார்கள். அந்த மீட்புப் பணிக்கு நமது காவிரியின் பெயரையே வைத்தார்கள். 1990-இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோதும் 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். தூதரகத்துக்குத் தன் இருப்பிடத்தைத் தெரிவித்து வைத்திருப்பவனைத் தேடுவது எளிது. பெயரே தெரியாதவனை எங்கே போய்த் தேடுவார்கள்?

ஹஜ்ஜிலேயே இந்தச் சட்டம் உண்டு

சென்றுவர வழி பெற்றவர் மீதே ஹஜ் கடமை என்று அல்லாஹுத்தஆலா விதித்திருக்கிறான். அந்த வழி என்பதற்கு விளக்கம் எழுதிய ஷாஃபிஈ, ஹனஃபி இமாம்கள், பணத்தையும் வாகனத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வழியில் உயிருக்கும் பொருளுக்கும் அச்சமின்மையையும் சேர்த்தே பேசியிருக்கிறார்கள்.

2024 ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். ஜூன் 17-ஆம் தேதி மக்கா ஹரமில் வெப்பம் 51.8 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் வைகை மணலில் நடந்து பழகிய நமக்கும் அது பழக்கமில்லாத வெயில். அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் ஹஜ் அனுமதியில்லாமல் வந்தவர்கள். அனுமதியில்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரம் இல்லை, பேருந்து இல்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். அல்லாஹ் அவர்கள் மீது ரஹ்மத் செய்வானாக! அவர்களில் எத்தனை பேருக்குத் தம்மிடமிருப்பது ஹஜ் விசா அல்ல, வெறும் விசிட் விசா என்று தெரிந்திருக்கும்? எத்தனை பேர் ஏமாற்றப்பட்டிருப்பார்கள்? அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

ஆகவே, குறைந்த பணத்தில் ஹஜ் என்று யாராவது வந்தால், அவர் தொப்பியையும் தாடியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹஜ் கமிட்டி வழியா? அல்லது மத்திய அரசில் பதிவு பெற்ற தனியார் நிறுவனம் வழியா? இரண்டும் இல்லையென்றால் விலகி நில்லுங்கள். ஹஜ் காலம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது என்றாலும், மே மாத மக்காவும் 40 டிகிரியைத் தாண்டுவதுதான். குடையும் தண்ணீரும் மருந்துச் சீட்டும் ஹஜ்ஜுக்குரிய சாமான்களே. 1987 ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் பரவியதன் பிறகுதான் அதற்கான தடுப்பூசி கட்டாயமாயிற்று. ஊசிக்குப் பயந்து போலிச் சான்றிதழ் வாங்குபவர், தன் பக்கத்தில் ஸஜ்தா செய்பவரின் உயிரோடு விளையாடுகிறார்.

பிழைப்புக்குப் போகிறவர்கள்

2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில், ஏறத்தாழ 190 தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். அவர்களில் 45 பேர் இந்தியர். 7 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் புகையே உயிரைப் பறித்தது. அதன் பிறகாவது, “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்பதோடு, “தங்குமிடம் எப்படி? ஓர் அறைக்கு எத்தனை பேர்? இன்னொரு வாசல் உண்டா?” என்றும் கேட்கப் பழக வேண்டும்.

2022 முதல் இன்னொரு ஆபத்து. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி, தொலைபேசி வழியாக மக்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் நம் பிள்ளைகளை அடைத்து வைத்தார்கள். தமிழக இளைஞர்களும் அதில் சிக்கி மீண்டார்கள். 2025 மார்ச்சில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. இப்படிப்பட்ட வேலைகளைப் பற்றி நமது வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதைப் படித்தவர்கள் குறைவு.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று எண்ணி, ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு விசிட் விசாவில் போகிறார்கள். போன பிறகு ஒப்பந்தமும் இல்லை, சம்பளத்துக்குக் கேள்வியும் இல்லை. முறையாகப் போகிறவருக்கு விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் இந்த ஒரு விதியைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகமே உங்களுக்கு விடை சொல்லிவிடும். பதிவு பெற்றவர்களின் பட்டியலை அரசின் ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகனுக்கு மசாலாப் பொருள் கட்டிக் கொடுக்கும்போது கசகசாவை வைக்காதீர்கள். நமக்கு அது குருமாவில் அரைத்து விடுவது. சவூதியிலும் அமீரகத்திலும் அது போதைப் பொருள் சட்டத்தில் வரும். இருமல் மருந்து, வலி மாத்திரை சிலவும் அப்படியே. மருத்துவர் சீட்டில்லாமல் கொண்டுபோகலாகாது. பக்கத்து வீட்டார் பாசத்தோடு தரும் பொட்டலமானாலும், பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், மகன் சிறைக்குப் போவதைவிட அது மேல்.

யாரிடம் கேட்பது?

சிலர் விசாரிக்கிறார்கள், ஆனால் வாட்ஸ்அப்பிடம் விசாரிக்கிறார்கள். எங்கோ ஒரு குண்டு விழுந்தால் பத்து ஊர் அழிந்ததாக ஒருவர் அனுப்புவார். ஒன்றுமே நடக்கவில்லை, தாராளமாக வாருங்கள் என்று பயணச்சீட்டு விற்பவர் அனுப்புவார். அபயமோ அச்சமோ பற்றிய செய்தி வந்தால் சிலர் அதை உடனே பரப்பிவிடுகிறார்கள், அதை ரஸூலிடமும் பொறுப்புடையோரிடமும் கொண்டு சென்றிருந்தால் ஆராயக்கூடியவர்கள் உண்மையை அறிந்திருப்பார்கள் என்ற கருத்தை, ஸூரத்துன்னிஸாவின் 83-ஆவது வசனம் போதிக்கிறது. பிரயாணிக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் வேறென்ன இருக்கிறது? நமது அமைச்சகத்தின் அறிவிப்பு, அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு, அங்கே பல ஆண்டு வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவரின் சொல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

“மவுத் எழுதப்பட்டிருந்தால் வீட்டிலும் வரும்” என்று சிலர் வாதிப்பார்கள். உண்மைதான். உயர்ந்த கோட்டைக்குள் இருந்தாலும் மரணம் வந்தடையும் என்று அதே ஸூராவின் 78-ஆவது வசனம் சொல்கிறது. ஆனால் அதே ஸூராவின் 71-ஆவது வசனம், முன்னெச்சரிக்கையைக் கைக்கொள்ளுங்கள் என்று முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. முன்னே எச்சரிக்கை, பின்னே செய்தியை ஆராயும் கட்டளை, இரண்டுக்கும் நடுவேதான் மரணம் பற்றிய வசனம் நிற்கிறது. நடுவிலுள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு இருபுறத்தையும் விட்டுவிடுவது நியாயமா?

ஜமாஅத்தும் ஏஜெண்டும்

ஆட்களை அனுப்புகிறவர்களில் பலர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்களே. அவர்களுக்கு நாம் சொல்வதெல்லாம்: குறையை மறைத்து விற்பது சரக்கிலேயே ஹராம் என்றால், உயிருக்குள்ள ஆபத்தை மறைத்து ஒரு குடும்பத்தின் மகனை அனுப்புவது எவ்வளவு பெரிய மோசடி! அதில் கிடைக்கும் கமிஷன் நெருப்புத் துண்டல்லவா?

முத்தவல்லிகளும் ஜமாஅத்தாரும் ஒன்று செய்யலாம். வெளிநாடு போகிறவர் பள்ளிவாசலில் ஸலாம் சொல்லி விடைபெறும்போது, பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கிறதா, தூதரகத்தின் தொலைபேசி எண் மனைவியிடம் இருக்கிறதா, வாங்கிய கடன் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று படித்த இளைஞர் இருவர் கேட்டுச் சரிபார்க்கட்டும். ஒரு நகல் இல்லாமல், மய்யித்தை ஊருக்குக் கொண்டுவர வழி தெரியாமல் தவித்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பிரயாண துஆவில் நாம் என்ன கேட்கிறோம்? பயணத்தின் கஷ்டத்திலிருந்தும், திரும்பும்போது குடும்பத்திலும் பொருளிலும் கெடுதியைக் காண்பதிலிருந்தும் அல்லாஹ்விடம் காவல் தேடுகிறோம். நாவால் கேட்பதற்குக் கையாலும் காலாலும் சிறிது உழைப்போம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். விசாரித்து அறிவதும் அந்தக் கயிற்றின் ஒரு முடிச்சுத்தான்.

யா அல்லாஹ்! கடல் கடந்து ஹலாலைத் தேடிச் சென்றிருக்கும் எங்கள் பிள்ளைகளையும், உன் வீட்டைக் காணச் செல்வோரையும் உன் காவலில் வைத்து, நலமாகத் திருப்பித் தருவாயாக! வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்மார், மனைவியரின் கண்களைக் குளிரச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.