அடைத்தவரின் கடன்

உயிருள்ள ஒன்றை நம் இல்லத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா என்பது பழைய கேள்வி. அதற்கு அடுத்து நிற்கும் கேள்வியை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கொண்டுவந்து வைத்தபின் அவ்வுயிருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டவர்கள்? அக்கடனை யாருடைய செலவில் தீர்க்கிறோம்? கத்திரி வெயில் காயும் நாள்களில், கடல்மீன் வளர்க்கும் இல்லங்களில் இக்கேள்வி ஒரு கண்ணாடித் தொட்டியின் வடிவில் எழுந்து நிற்கிறது.

வண்ணமீன் வளர்ப்பு இன்று நம் நகரங்களில் அரிய பொழுதுபோக்கு அன்று. சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளை நாடிச் செல்லும் குடும்பங்கள் பல. நன்னீர் மீன்களில் தொடங்கும் ஆர்வம் சிலரைக் கடல்நீர்த் தொட்டிக்கு இட்டுச் செல்கிறது. கொட்டும் இழைகளை உடைய கடல் சாமந்தியைப் பிற மீன்கள் அஞ்சி விலக, கோமாளி மீன் மட்டும் அதையே தன் வீடாகக் கொண்டு வாழ்வதைக் கண்ணருகே காண்பது ஒரு பேறுதான். அதைக் காண்பவர் உள்ளம் படைத்தவரைப் புகழ்ந்தால் வியப்பில்லை. ஆகவே இந்த ஆர்வத்தை வீண் ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அது நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதையே ஆராய விரும்புகிறோம்.

கடல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. மேல்நீர் சூடானால் மீன் ஆழத்துக்கு இறங்கலாம்; பாறை நிழலை நாடலாம்; வேறு நீரோட்டத்துக்கு விலகிச் செல்லலாம். 200 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு அத்தகைய ஆழமும் இல்லை, பரப்பும் இல்லை. அறையின் வெப்பமே அதன் வெப்பமாகிவிடுகிறது. நீரைச் சுழற்றும் மோட்டாரும் மேலே எரியும் விளக்கும் தம் பங்குக்கு வெப்பத்தைக் கூட்டுகின்றன. பவளத்திட்டு மீன்களை வளர்ப்போர் பெரும்பாலும் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நீரை வைத்திருக்க முயல்வர். மே மாதப் பிற்பகலில், மூடிய அறையில் அந்த நீர் 32 டிகிரியைத் தாண்டுவது எளிது.

அப்போது நேர்வது இரட்டைத் துன்பம். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கக் கூடிய உயிர்வளி குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 32 டிகிரியில் 6 மில்லிகிராம் அளவே தாங்கும். அதே வேளையில், குளிர்ந்த குருதி கொண்ட மீனின் உடலியக்கம் வெப்பத்தால் விரைவுற்று, முன்னைவிட மிகுந்த உயிர்வளியைக் கேட்கிறது. தேவை ஏறும் நேரத்தில் இருப்பு இறங்குகிறது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. கடல் சாமந்தியோ தன் உடலுக்குள் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகிறது.

அறக்கேள்வி பிறக்கும் இடம் இதுவே. வெயிலில் வாடும் குருவிக்கு மாடியில் ஒரு கிண்ணம் நீர் வைப்பது இரக்கம். வைக்காவிட்டாலும் அக்குருவி வேறிடம் பறந்து செல்லும். தொட்டி மீனுக்கு நாம் செய்வது இரக்கம் அன்று, கடன். அது தப்பிச் செல்லும் வழியை அடைத்தவர் நாம். வழியை அடைத்தவர், அந்த வழி தந்திருக்கக் கூடிய பாதுகாப்பைத் தாமே தரக் கடமைப்பட்டவர் ஆகிறார். கடலை மீனிடமிருந்து எடுத்துவிட்டவர், மீனுக்குக் கடலாய் இருந்தே ஆகவேண்டும்.

தொடக்கநூல் மனிதருக்குக் கடல் மீன்கள்மீது ஆளுகை அளிக்கிறது. அதன் அடுத்த அதிகாரமே அந்த ஆளுகைக்குப் பொருள் கூறுகிறது. தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே மனிதர் அங்கு வைக்கப்பட்டார். தன் விலங்கின் தேவையை அறிந்திருப்பவரையே நீதிமொழிகள் நூல் நேர்மையாளர் என்கிறது. இரக்கமுள்ளவர் என்று கூறாமல் நேர்மையாளர் என்று கூறுவதை நாம் கவனிக்க வேண்டும். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், புனித அசிசி பிரான்சிசையும் புனித பிலிப் நேரியையும் சுட்டிக்காட்டி, விலங்குகள் மட்டில் கனிவு காட்டுவது நமது கடப்பாடு என்று கற்பிக்கிறது.

இக்கடனைத் தீர்க்கும் வழிகளில் எளியது பழையதும் ஆகும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே வழி அது. தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்து வலை மூடி இட்டு, சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பின்மீது படுமாறு வைத்தால் நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகையில் எடுத்துச் செல்லும் வெப்பம், 200 லிட்டர் நீரை ஏறத்தாழ 3 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவில் இருக்க வேண்டிய உப்பு ஏறிக்கொண்டே போகும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரை அன்றாடம் ஊற்றிவர வேண்டும். விளக்கைப் பகலில் அணைத்து இரவில் எரியவிடலாம், சன்னலுக்குத் திரையிடலாம். நெருக்கடி வேளையில், உறைந்த நீர் நிறைந்த மூடிய புட்டியை மிதக்கவிடலாம். அதையும் நிதானமாகவே செய்ய வேண்டும். வெப்பத்தைப் போலவே திடீர்க் குளிரும் மீனைத் தாக்கும். மின்வெட்டு நேரத்துக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றும் வேண்டும்.

இவை யாவும் செலவு குறைந்தவை. ஆனால் கவனம் மிகுதியாகக் கேட்பவை. வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்க்கும் கண், நீர்மட்டத்தைக் குறித்து வைக்கும் கை, வெளியூர்ப் பயணத்தை ஒத்திப்போடும் மனம் ஆகியவை இன்றி இவ்வழிகள் பயன்தரா. காற்றில் ஈரம் நிறைந்த கடற்கரை நகரங்களில், புழுக்கம் மிகுந்த நாள்களில் விசிறியின் ஆற்றலும் குறைந்துவிடும். அப்போதுதான் பலர் சில்லர் எனப்படும் குளிர்விக்கும் எந்திரத்தை நாடுகின்றனர்.

அந்த எந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் உழைத்த வெப்பத்தையும் சேர்த்து அறைக்குள் விடுகிறது. அறை சூடேறினால் குளிர்பதனக் கருவி அதை வீதிக்குத் தள்ளுகிறது. இரண்டுக்கும் வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு நம் நாட்டில் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. அந்தப் புகை உலகைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் பெரும்பங்கு இறுதியில் போய்ச் சேருமிடம் கடல்.

மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீரின் வெப்பத்தால் பேரளவில் வெளிறின. உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்சு ஆயர்கள் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே தம் கடலடி உலகம் நிறமும் உயிரும் இழந்து கல்லறையாவதைக் கண்டு வருந்தினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடல் அவ்வருத்தத்தை எடுத்துரைப்பதோடு, தீங்கு தரும் நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்பதனக் கருவிகளின் பெருக்கத்தையும் குறிப்பிடுகிறது.

ஒரு தொட்டியின் எந்திரமா கடலைச் சூடாக்கிவிடும் என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. நூறு தொட்டிகளை நிறுத்திவிட்டாலும் மன்னார் வளைகுடா குளிர்ந்துவிடாது. எனினும் அந்த எந்திரம் நமக்கொரு பாடம் கற்பிக்கிறது. நாம் தீர்த்துவிட்டதாக எண்ணும் பல கடன்கள், உண்மையில் வேறொருவர் தலைமேல் இறக்கி வைக்கப்பட்டவை. இதை உணர உலகக் கடல்வரை செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களைவரை சென்றால் போதும். வரவேற்பறையில் மீனுக்கென 26 டிகிரி காக்கப்படும் வேளையில், விசிறியில்லாத அடுக்களையில் பாத்திரம் துலக்கும் அம்மா ஒருவர் வியர்வையில் நனைந்து நிற்கக்கூடும். அவர் மாலையில் திரும்பிச் செல்லும் வீட்டின் கூரை தகரமாக இருக்கக்கூடும். மனிதத் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும், மனிதருக்கே உரிய அன்பை விலங்குகள்மீது திருப்பிவிடலாகாது என்றும் மறைக்கல்வி எச்சரிப்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

அப்படியானால் எந்திரத்தை நிறுத்தி மீனைச் சாகவிட்டு, அப்பணத்தை ஏழைக்குக் கொடுத்துவிடலாமா? அது அறமாகத் தோன்றும் ஓர் ஏய்ப்பு. ஒருவரிடம் பட்ட கடனை அடைக்காமல் மற்றவரிடம் பட்டதை அடைப்பவர் கடன் தீர்த்தவர் ஆகார். காரணமின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு முரணானவை என்று அதே மறைக்கல்வி அதே பத்தியில் கூறுகிறது. தொட்டியைத் தேடி மீன் தானாக வரவில்லை. பணிசெய்யும் அம்மாவும் நம் மீன் ஆசைக்கு ஈடுகொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். இருவரும் குற்றமற்றவர்கள். எனவே குறைத்துக்கொள்ள வேண்டியது நம் பங்கையே. அடுக்களைக்கு விசிறி வாங்கப்பட வேண்டும்; மீனின் நீரும் குளிர வேண்டும். இரண்டுக்குமான செலவு நம் படுக்கையறையின் குளிரிலிருந்தும் நம் விடுமுறைச் சுற்றுலாவிலிருந்தும் வரட்டும். கடன் என்னும் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.

ஏழையையும் கடலையும் கணக்கில் கொள்ள வேண்டிய சரியான நேரம் தொட்டி வாங்குவதற்கு முன் அமைந்த நேரமே. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் உரைத்தார். கடல்நீர்த் தொட்டி வாங்குபவர் மார்கழிக் குளிரில் கடைக்குப் போனாலும், மே மாதத்தை நினைத்தே கணக்கிட வேண்டும். கணக்கு ஒத்துவராவிடில், வெப்பத்தைத் தாங்கும் நன்னீர் மீன்களோடு நின்றுவிடுவது இழிவன்று. வாங்கிய பின் இயலாமற்போனால், காக்க வல்லவரிடம் ஒப்படைக்க வேண்டும். இரக்கம் என்று எண்ணிக் கடலிலோ குளத்திலோ விட்டுவிடுவது, அங்குள்ள உயிர்களுக்கு நோயையும் அயலினத்தையும் கொண்டு சேர்ப்பதாகும்.

அழகின்மீது கொண்ட அன்பே அழகை அழிக்கக்கூடும் என்பதற்கு வரலாறும் சான்று. 1854இல் பிலிப் ஹென்றி காசு என்னும் ஆங்கில இயற்கையியலாளர் கடலுயிர்த் தொட்டியைப் பற்றி எழுதிய நூல், அந்நாட்டில் பெரும் ஆர்வத்தைக் கிளப்பியது. அவர் இறைப்பற்று மிக்கவர்; படைத்தவரின் கைவண்ணத்தை மக்கள் காணவேண்டும் என்று விரும்பியவர். ஆனால் மக்கள் கூட்டமாய்ச் சென்று கரையோரப் பாறைக் குட்டைகளைச் சுரண்டி வெறுமையாக்கினர். இதை அவர் மகன் எட்மண்டு காசு 1907இல் வேதனையோடு பதிவு செய்தார். நம் நாட்டில் இன்று பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்கள் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யப்பட்டுள்ளன. கடலிலிருந்து பிடிக்கப்பட்டதா, பண்ணையில் பிறந்ததா என்று கடையில் கேட்டறிவது வாங்குபவரின் முதற்கடமை.

மீன்தொட்டி இல்லாத இல்லத்தாருக்கும் இக்கடன் அயலானது அன்று. நம் முடிவுகளால் வெளியேறும் வழி அடைபட்டு வாழ்வோர் நம்மைச் சுற்றிலும் உள்ளனர். மாடியில் தனியறையில் படுத்திருக்கும் முதியவர் வெயிலென்று இறங்கி வர இயலாதவர். கதவு பூட்டிய கூடத்தில் இரவுப் பணி செய்பவர் விரும்பிய நேரத்தில் வெளியே செல்ல முடியாதவர். அவர்களுக்குக் காற்றும் நீரும் நிழலும் கிடைக்கச் செய்வதை நாம் தருமக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அது எழுதப்பட வேண்டிய இடம் கடன் கணக்கு.

தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு வெப்பமானியைத் தினமும் நோக்கப் பழகிய கண், அதே கருத்தோடு வீட்டின் மற்ற அறைகளையும் நோக்கக் கற்றுக்கொண்டால், அந்த மீன் நம் இல்லத்துக்கு வந்தது வீணாகாது. இந்தக் கோடையில் அவ்வறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சென்று பார்ப்போம்.