யார் விழித்திருப்பது?

2021 ஜனவரி. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில், ஒரு பிலிப்பினோ குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மா நர்ஸ். 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவேன். தகலாக் மொழியில் அக்கா. இரவு ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் ஷிஃப்ட் காலை ஏழரைக்கு முடியும். ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டிய அறையில் பத்து மணி வாக்கில் படுப்பார்.

ஒருநாள் பிற்பகல் மூன்று மணி. கிச்சன் மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஆத்தே மறந்து வைத்துவிட்டுப் போன போன் அதிர்ந்தது. திரையில் 'நானாய்'. அம்மா. அங்கே, இலோயிலோவில், மறுநாள் காலை ஏழு மணி. ஆத்தே தொடர்ந்து மூன்று இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தார். எழுப்புவதா, வேண்டாமா? போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான் எழுப்பவில்லை. ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வேலைக்குத் திரும்பினேன்.

நாலரைக்கு எழுந்து வந்தவர் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டார். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதாம், பணம் அனுப்பணுமாம். அவ்வளவுதான். வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என் தூக்கத்தை முடிவு பண்ண நீ யாருப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்துவிட்டது. ஒருவருடைய தூக்கம் யாருக்குச் சொந்தம்?

ஆத்தேயின் தூக்கத்தின் மீது பலருக்கு உரிமை இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை 1974 தொழிலாளர் சட்டத்தின் வழியாக அரசின் கொள்கையாகவே ஆக்கிய நாடு பிலிப்பைன்ஸ். வெளியே இருப்பவர்கள் அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் சுமார் எட்டு சதவீதம். 1988இல் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ பெண்களிடம் பேசிய அதிபர் கொரசோன் அகினோ, அவர்களைப் புதிய வீரர்கள் என்றார். அந்தப் பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாராட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் வீரர்களால் "எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்ல முடியாது. பட்டம் கொடுத்தவர்கள் பாரத்தில் பங்கெடுக்கவும் வேண்டியதில்லை.

பாரம் சும்மா பேச்சுக்கு இல்லை. அமெரிக்க நர்ஸ்களில் பிலிப்பினோக்கள் ஏறத்தாழ நான்கு சதவீதம். கோவிட்டில் இறந்த நர்ஸ்களில் அவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என்று 2020 செப்டம்பரில் நர்ஸ்கள் சங்கம் ஒன்று கணக்கிட்டது. இரவு ஷிஃப்ட் வேலையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2007இலேயே சேர்த்துவிட்டது. இவ்வளவுக்கும் கிடைக்கும் அறிவுரை என்ன? அறையை இருட்டாக்கு, காபியைக் குறை, போனைத் தள்ளி வை. ஆத்தே அறையை இருட்டாக்கியிருந்தார். தள்ளி வைக்க முடியாதது அந்தப் போன்தான்.

என் தொழிலில் 'ஆன்-கால்' என்று ஒன்று உண்டு. சர்வர் விழுந்தால் நள்ளிரவிலும் நான்தான் எழ வேண்டும். ஒரு வாரம்தான், பிறகு அடுத்தவர் கைக்குப் போய்விடும். அலாரம் ஒருமுறைகூட அடிக்காத வாரங்களிலும் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. கைமாற்றிய அன்று கட்டையாகத் தூங்குவேன். நான் புரிந்துகொண்டது இதுதான்: நமக்குப் பதிலாக வேறொருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கைதான் தூக்கம். ஆத்தேயும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்த நர்ஸிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவார். அம்மாவை ஒப்படைக்கத்தான் ஆளில்லை. பன்னிரண்டு வருடமாக மாற்று ஆளில்லாத ஆன்-கால்.

அப்படியானால் அவரை எழுப்பாமல் விட்டது சரிதானே? அதுதான் இல்லை. தகலாக்கில் 'உதாங் நா லோஓப்' என்பார்கள். உதாங் என்றால் கடன், லோஓப் என்றால் உள்ளே. நம்முடைய நன்றிக்கடன் மாதிரி. கணக்குத் தீர்த்து முடிக்கிற கடன் இல்லை, முடிக்க நினைப்பதே அவமரியாதை. தன்னை வளர்த்தவளின் மாத்திரை தீர்ந்துபோனது தனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று ஆத்தே நினைத்தார். அந்தப் போன் அவருக்குப் பாரம் மட்டுமல்ல, இன்னும் மகளாக இருப்பதற்கு மிச்சமிருந்த வழியும்கூட. "பாவம், தூங்கட்டும்" என்ற என் இரக்கம் அவரைக் கேட்காமலேயே அதை அறுத்துவிட்டது. வீரர் என்று சொல்லி எழுப்பியவர்களும் சரி, பாவம் என்று சொல்லி எழுப்பாமல் விட்ட நானும் சரி, அவருடைய தூக்கத்தை நாங்களே தீர்மானித்தோம்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்தப் போனை நான் எடுத்திருக்கலாம்.

ஒருநாள் கூச்சத்தோடு அதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். மறுநாள் காலை அறைக்குள் போவதற்கு முன் போனை மேஜையில், என் பக்கமாக வைத்துவிட்டுப் போனார். மூன்று மணிக்கு அது அடித்தது. எடுத்து, "நானாய், அவங்க தூங்கறாங்க. அவசரமா?" என்று கேட்டேன்.

அவசரம் ஒன்றுமில்லையாம். மகள் சாப்பிட்டுத்தான் படுத்தாளா என்று கேட்டார். சாப்பிட்டார் என்றேன். எனக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது.