விலங்குக்கு முகம் வரைதல்

விலங்கை மனிதரைப்போல் எதிரே உட்காரவைத்து, குறும்பு கலந்து உருவப்படம் வரைவது பார்வைக்கு இலேசான கலை. ஆட்டுக்கு மூக்குக்கண்ணாடி, பூனைக்கு நாற்காலி, குரங்குக்கு வேட்டி. இவ்வளவுதான் அதன் சரக்கு என்று தோன்றும். ஆனால் உருவப்படம் என்பது ஆளுக்கு வரைவது. ஏதோ ஒரு மாட்டை வரைவதும், இந்த மாடு என்று அதன் முகத்தை வரைவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்பவர் அந்த மாட்டுக்குள் ஓர் ஆள் இருப்பதாக ஒப்புக்கொண்டுவிடுகிறார். அது உண்மைதானா என்பது சமயங்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. உண்மையென்றால் அந்த ஆளை வைத்து விளையாடலாமா என்பது அதை ஒட்டி வருவது.

முதல் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தயங்காமல் விடை சொல்கிறது. உயிர்கள் எண்ணற்றவை, அழிவில்லாதவை. வினைக்கேற்ப உடல்தான் மாறுகிறது. எண்பத்து நான்கு நூறாயிரம் பிறவி பேதங்களைத் தாவரம், நீர்வாழ்வன, ஊர்வன, பறவை, விலங்கு, மனிதர், தேவர் என்று ஏழாகத் தொகுத்துச் சொல்வார்கள். ஆட்டின் உடலில் இருப்பதும் மனித உடலில் இருப்பதும் உயிர் என்ற வகையில் ஒன்றுதான். அறிவு எவ்வளவு விளங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை அடுக்கியது இலக்கணத் தேவைக்காக. அங்கும் மனிதர் வேறொரு பட்டியலில் இல்லை, அதே வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார்.

தலபுராணங்கள் இதை வாதமாகச் சொல்லவில்லை, கதையாகச் சொல்லின. திருவானைக்காவில் சிலந்தியும் யானையும் ஒரே லிங்கத்தை வழிபடுகின்றன. சருகு விழாமலிருக்கச் சிலந்தி வலை பின்னுகிறது. அது அசுத்தம் என்று யானை துடைக்கிறது. பூசை முறையில் வந்த இந்தக் கருத்து வேறுபாடு இரண்டின் உயிரையும் வாங்குகிறது. மனிதரின் சமயச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. திருவிளையாடற் புராணத்தில் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். கரிக்குருவி உபதேசம் பெறுகிறது, நாரை முத்தி பெறுகிறது. திருவாரூரில் கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அசைத்து வழக்குத் தொடுக்கிறது. பக்தர், குழந்தை, மாணவர், வழக்காளி என்று மனிதர் வகிக்கும் இடங்களிலெல்லாம் இந்தக் கதைகள் விலங்கையும் பறவையையும் அமர்த்தியிருக்கின்றன.

கடற்கரைக்கு வரும்போது கேள்வி கொஞ்சம் கூர்மையாகிறது. காரைக்கால் பகுதியின் மீனவ ஊர்களில் ஒன்றான மண்டபத்தூரில் உயிர் என்பது வலையில் கூட்டமாக ஏறிவருவது. ஒரு பாடு மீனில் எந்த மீனுக்கும் முகம் கிடையாது. எடையும் விலையும்தான் உண்டு. இதே கரையில் தெற்கே நாகப்பட்டினத்தில் வாழ்ந்தவராகப் பெரியபுராணம் சொல்லும் அதிபத்த நாயனார், நாள்தோறும் கிடைத்த மீன்களில் சிறந்த ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிட்டார். வறுமைக் காலத்தில் ஒரே மீன் அகப்பட்டபோதும், கடைசியில் பொன்மீனே சிக்கியபோதும் அதையே செய்தார். அவர் மீன்பிடிப்பதை நிறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயிரத்தில் ஒன்றைத் தனியே எடுத்து, இது விலைக்கு அல்ல என்று ஒதுக்கிவைத்தார். உருவப்படம் வரைபவர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். எல்லா ஆடுகளையும் அவரால் காப்பாற்ற முடியாது. ஓர் ஆட்டைச் சந்தைக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க முடியும்.

மண்டபத்தூருக்குப் பக்கத்தில் உள்ள திருவேட்டக்குடி, சம்பந்தர் தேவாரம் பெற்ற தலம். அருச்சுனனுக்குப் பாசுபத அஸ்திரம் கொடுக்க வேடனாக வந்த சிவனை அங்கே வேடமூர்த்தியாக வணங்குகிறார்கள். மாசி மகத்தன்று அவர் கடலாட எழுந்தருளுகிறார். கதையில் பன்றி வடிவில் பாய்ந்து வந்த மூகாசுரன்மீது அருச்சுனன் அம்பும் வேடன் அம்பும் தைக்கின்றன. விழுந்த பன்றி யாருடையது என்று சண்டை மூள்கிறது. பன்றியின் கட்சியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புராணங்களில் விலங்கு எப்போதும் ஆளாக மதிக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று. அதே சிவன் ஓரிடத்தில் பன்றிக்குப் பால் கொடுக்கிறார், ஓரிடத்தில் அம்பு எய்கிறார்.

அருச்சுனன் தபசு என்று பலரும், பகீரதன் தபசு என்று சிலரும் சொல்லும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி இந்தக் குறையை ஈடுசெய்துவிட்டார். பெரிய யானைகளின் காலடியில் ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. கங்கைக் கரையில் தவசி வேடம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் உண்டு. பக்கத்திலேயே ஒரு மான் பின்னங்குளம்பால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அந்த மானுக்குப் புராணக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிற்பி மானைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். தெய்வம் வரம் கொடுக்கும் காட்சியிலேயே பூனையின் பகல் வேடத்துக்கு இடம் விட்ட அந்தத் துணிச்சல், குறும்பும் பக்தியும் ஒரே பாறையில் இருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் உள்ள பெரிய ஆதாரம்.

கோயில் வாகனங்களும் இந்தக் குறும்பின் பக்கம்தான் சாய்கின்றன. பெண் முகமும் மயில் தோகையும் கொண்ட காமதேனு, உருண்டை விழி பிதுங்கும் யாளி, திருநள்ளாற்றில் சனீசுவரர் ஏறிவரும் காகம் ஆகிய எதுவும் அப்படியே இயற்கையைப் படியெடுத்ததல்ல. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டைப் பாடியபோது சிவனின் கூத்துக்குச் சபையாக அமர்த்தியது நரியையும் ஆந்தையையும் பேயையும்தான். அழகைக் கழற்றிவிட்டுப் பேய் வடிவைக் கேட்டுப் பெற்றவருக்கு அந்தச் சபை கோரமாகப் பட்டிருக்காது.

உருவத்துக்கு ஒழுக்கப் பொறுப்பு உண்டா என்ற கேள்வியைத் தமிழில் மிகக் கடுமையாக எழுப்பியது சமணர்கள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில், தீய கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கும்படி மன்னன் யசோதரனைத் தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். கொல்ல மனமில்லாத மன்னன் மாவால் ஒரு கோழி செய்து அதை வெட்டுகிறான். ஓர் உயிரும் போகவில்லை. ஆனாலும் இருவரும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழல்கிறார்கள். மனிதரிடமும் பிற விலங்குகளிடமும் மாறி மாறிச் சாகிறார்கள். மாக்கோழி வெறும் மாவு என்ற சமாதானத்தைக் காவியம் ஏற்கவில்லை. கோழி என்று எண்ணி வெட்டியபின் எண்ணத்தளவில் கொலை நடந்துவிட்டது. வினை எண்ணத்தைப் பற்றி வருகிறது. தண்டனை அளவுக்கு மீறியதாகப் படலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் தருக்கத்தை ஓவியர் ஒருவர் எளிதில் தள்ளிவிட முடியாது. உருவத்தை வெட்டினால் வினை உண்டு என்றால், உருவத்தைப் பரிவோடு ஆக்கினால் அதற்கும் ஒரு பயன் இருந்தாக வேண்டும். காவியம் அந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டது.

இசுலாம் கவலைப்படுவது வேறிடத்தில். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்தவரிடம் அதற்கு உயிர் கொடுக்கும்படி மறுமையில் கேட்கப்படும் என்பது நபிமொழி. படைப்பவன் ஒருவனே, அவன் தொழிலைப் பாவனை செய்வது தகாது என்பது அதன் கருத்து. ஆயினும் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் சைபீரிய நாரையையும் டோடோவையும் பச்சோந்தியையும் தனித்தனி ஆள்களாக வரைந்தார். காலத்தின் அதிசயம் என்ற பொருளில் பட்டமும் பெற்றார். தமிழ்க் கிராமங்களில் வேளார்கள் ஐயனாருக்குச் சுட்டுத் தரும் மண்குதிரை இந்தச் சிக்கலுக்கு மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகிறது. கண் திறக்கும் வரை அது மண். திறந்தபின் சாமியின் குதிரை. விழா முடிந்ததும் வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படும். உயிர் கொடுத்ததாக யாரும் நிரந்தர உரிமை கொண்டாடுவதில்லை.

இனி விளையாட்டைப் பற்றி. உலகப் படைப்பு இறைவனுக்கு வெறும் விளையாட்டே என்று பாதராயணரின் பிரம்ம சூத்திரம் ஓரிடத்தில் சொல்கிறது. எல்லாம் நிரம்பப் பெற்ற அரசன் எந்தத் தேவையுமின்றி விளையாடுவதைச் சங்கரர் அதற்கு உவமை காட்டினார். கம்பரும் தம் காப்பியத்தின் கடவுள் வாழ்த்தில் படைத்தல், காத்தல், அழித்தலை இறைவனின் முடிவில்லாத விளையாட்டாகவே பாடினார். இதற்குச் சைவ சித்தாந்தம் முழுச் சம்மதம் தரவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், ஐந்தொழிலைத் திருவிளையாட்டு என்று சிலர் சொல்வதைக் குறிப்பிட்டுவிட்டு, துன்பக் கடலில் கிடக்கும் உயிர்களைக் கரையேற்றும் அருளே அதன் காரணம் என்று விளக்குகிறார். பொம்மைகளுக்காக விளையாடுபவனும் தனக்காக விளையாடுபவனும் வேறு. துன்பப்படும் உயிர் ஒன்று நடுவில் இருக்கும்போது, நான் சும்மா விளையாடினேன் என்று கடவுளே சொன்னாலும் போதாது என்பதுதான் சித்தாந்தியின் நிலை. ஓவியருக்கு இந்த இரண்டாவது கொள்கையே பொருத்தமான அளவுகோல். முதலாவது எதை வேண்டுமானாலும் அனுமதித்துவிடும்.

இந்த அளவுகோலைத் தாங்கி நிற்கும் நவீன ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன். கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது, காரைக்காலைப்போல் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹேயில். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டது. 1944இல் சாந்திநிகேதன் கலாபவனத்தில் சேர்ந்து நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பெய்ஜ் ஆகியோரிடம் கற்றார். பின்னர் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் ஆசிரியர். பரோடா நுண்கலைப் புலத்தின் கலைச் சந்தைக்காக மரத்தாலும் தோலாலும் மணிகளாலும் விலங்குப் பொம்மைகள் செய்தார். பெரிய ஓவியர் பொம்மை செய்வதா என்று அவர் கூச்சப்படவில்லை. கைவினைக்கும் கலைக்கும் நடுவே சுவர் எழுப்புவதை எழுத்திலும் எதிர்த்தவர் அவர்.

குழந்தைகளுக்காக அவர் எழுதி வரைந்த நூல் ஒன்றின் தலைப்பே ஒரு தத்துவ வாக்கியம்: கடவுள் முதலில் விலங்குகளைப் படைத்தபோது எல்லாவற்றையும் ஒரே மாதிரி படைத்தார் என்பது அது. அப்படியானால் பூனை எப்படிப் பூனையாயிற்று? அவருடைய கண்ணாடி ஓவியங்களில் பூனைகளும் ஆடுகளும் குரங்குகளும் பறவைகளும் வீட்டுக்குள் மனிதரோடு சரிசமமாகப் புழங்குகின்றன. யார் வளர்ப்பவர், யார் வளர்க்கப்படுபவர் என்று சொல்வது கடினம். துர்க்கையும் மகிஷனும்கூட அங்கே தெருவில் எதிர்ப்படும் ஆள்கள்போல் வருகிறார்கள். 2009இல், 85 வயதில், கலாபவனக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களை மனிதரும் விலங்குமாகக் கறுப்பு வெள்ளையில் நிரப்பினார். 2012இல் பத்ம விபூஷண் பெற்ற அவர் 2016இல் காலமானார்.

கைவினைக்கும் கலைக்கும் நடுவே சுவர் இல்லாதபோது வீடே பட்டறையாகிவிடும் என்பதற்குச் சுப்பிரமணியனுக்கு முந்தைய தலைமுறையின் ஜாமினி ராய் நல்ல உதாரணம். ஐரோப்பியப் பாணியில் மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து சம்பாதித்தவர், அதை விட்டுவிட்டு வங்காளப் பட ஓவிய மரபுக்குத் திரும்பினார். விளக்குக் கரியும் சுண்ணாம்பும் கல்பொடியும் புளியங்கொட்டைப் பசையும் கொண்டு கல்கத்தா வீட்டிலேயே நிறம் சேர்த்தார். குடும்பத்தினரும் கூடமாட வேலை செய்தார்கள். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்குப் படங்கள் விற்கப்பட்டன. இயேசுவை வரைந்த அதே கோட்டில் பூனையையும் பசுவையும் யானையையும் வரைந்தார். அவருக்கு முன்பே காளிகட்டு ஓவியர்கள், நெற்றியில் நாமமும் வாயில் இறாலுமாக ஒரு பூனையை வரைந்து போலிச் சாமியார்களைக் கிண்டல் செய்திருந்தார்கள். மாமல்லபுரத்துப் பூனையின் வம்சம் அது.

இந்தப் பூனைகளிலிருந்து குறும்பின் எல்லை புலப்படுகிறது. தவம் செய்யும் பூனை நிற்கும் நிலை தவசியுடையது, உடல் பூனையுடையது. சிரிப்பு தவசியின்மேல் விழுகிறது. ஆட்டின் மூக்கில் கண்ணாடி மாட்டியபின்னும் அந்தக் கண் ஆட்டுக் கண்ணாகவே இருந்தால் படம் நேர்மையானது. ஆட்டின் இடத்தில் கொழுத்த மனிதக் குழந்தை ஒன்று வந்துவிட்டால், ஓவியர் ஆட்டைப் பார்க்கவே இல்லை என்று பொருள். வாழ்த்து அட்டைகளிலும் கைப்பேசிச் சித்திரங்களிலும் இன்று குவியும் செல்ல விலங்குகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. அவற்றில் பாவம் ஒன்றுமில்லை, ஆனால் உயிரும் இல்லை.

உடை மாட்டுவது உயிருள்ள விலங்குக்கு என்றால் நிலைமை அடியோடு மாறுகிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடுவதை இந்திய அரசு 1998இல் தடை செய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்தது. வீட்டில் உட்கார்ந்து குரங்குக்கு வேட்டி கட்டி வரைபவரை அந்தச் சட்டம் தீண்டாது, தீண்ட வேண்டியதும் இல்லை.