மூன்றாவது ஆள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2014இல் ஒரு சலுகை கொண்டுவந்தது. ஊதியம் வாங்காமல் மருத்துவ மாணவருக்குத் தன் கிளினிக்கில் பயிற்சி தரும் டாக்டருக்கு வருமான வரிச் சலுகை. 160 மணி நேரம் ஒரு சுற்று. 2019இல் இது வரித் தொகையிலேயே நேரடிக் கழிவாக மாறிற்று.

கூலி வாங்காதவருக்குத்தான் கூலி என்பது முரண்தான். ஆனாலும் இதை நான் இழிவாகக் கருதவில்லை. ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் பழைய பிரமாணம், குருவின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கச் சொல்கிறது. அந்தத் தர்மத்தை நம்பி மாணவரை அனுப்பிவிட்டு, டாக்டர் இழக்கும் நேரத்துக்கு ஒன்றும் தராமலிருப்பது லட்சியவாதமல்ல, சிக்கனம்.

இங்கும் இதற்கு உறவான ஒன்று உண்டு. தொழில் பழகுபவனின் உதவித்தொகையில் கால்பங்கை, 1500 ரூபாய் வரை, முதலாளிக்கு ஈடுகட்ட 2016இல் மத்திய அரசு முன்வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் லேத்தில் பழகுபவன் கை தவறினால் கெடுவது இரும்பு. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸிங் மாணவி இரண்டாம் முறையும் நரம்பைத் தவறவிட்டால் வீங்குவது ஒருவரின் கை. வேறிடம் போக வசதியுள்ளவர் அந்தக் கையை அநேகமாக நீட்டுவதில்லை. நீட்டுபவருக்கோ, கழித்துக்கொள்ள வருமான வரியே இல்லை.

அவருக்கு என்ன தருவது? பணமென்றால் ஏழையின் கை வாடகைக்கு வந்துவிடும். அவருக்குச் சேர வேண்டியது வேறு: 'இவள் பழகுகிறவள், குத்தலாமா?' என்று கேட்கப்படுவது. வேண்டாமென்ற பிறகும் வைத்தியம் குறையாதிருப்பது. கற்பிப்பவர் சொல்லித்தரும் முதல் பாடம் இந்தக் கேள்வியாக இருந்தால், அவருக்கு எந்தச் சலுகையும் தகும்.