சாவி யார் கையில்?

குற்றாலத்தில் சீஸன் தொடங்கினால் போதும், தென்காசியிலிருந்து எனக்கு ஒரு போன் வந்துவிடும்.

‘‘அண்ணாச்சி, சாரல் அடிக்கி. எப்ப வாறீய?’’

பேசுகிறவர் ஒரு டிரைவர். ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் வேனை ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அவரைத் தெரியாமல் குற்றாலத்தைத் தெரியாது. பழைய குற்றாலத்தில் எந்த நேரம் கூட்டம் குறையும், ஐந்தருவியில் எங்கே வண்டியைப் போட்டால் சீக்கிரம் வெளியே வரலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு வருடம் அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

‘‘வண்டி எங்க தம்பி?’’

‘‘வீட்டு வாசல்ல நிக்கி அண்ணாச்சி. கம்பெனி நொடிச்சுப் போச்சு. நாலு மாசமா சம்பளம் வரல. மொதலாளி போனை எடுக்க மாட்டேங்காரு. சாவி எங்கிட்டதான் இருக்கு. என் வீட்டுக்காரி வித்துருங்கா. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். நான் எடுத்துக்கிட்டா அது திருட்டா?’’

என் வாயில் சட்டென்று வந்த பதில், ‘எடுத்துக்கோ’ என்பதுதான். சொல்லவில்லை. ஆனால், ஏன் அப்படித் தோன்றியது?

யோசித்துப் பாருங்கள். மாதம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதி சம்பளம் வாங்குகிறோம். அதாவது, முப்பது நாள் உழைப்பை முதலாளிக்குக் கடனாகக் கொடுக்கிறோம். பேங்க் கடன் கொடுப்பதற்கு முன் பத்திரம் கேட்கும், ஜாமீன் கேட்கும். நாம் எதுவும் கேட்பதில்லை. பேங்குக்கு ஆயிரம் கடன்காரர்கள். ஒருவர் ஏமாற்றினால் இன்னொருவரிடம் வரும் வட்டியில் சமாளித்துக்கொள்ளும். டிரைவருக்கு இருப்பது ஒரே ஒரு முதலாளி. அந்த ஒருவர் விழுந்தால், வீட்டில் அன்றைக்கே அடுப்பு அணையும்.

ஆக, கேட்கும் நியாயம் அவரிடம் இருக்கிறது. எடுக்கும் நியாயமும் இருக்கிறதா? அங்கேதான் சிக்கல்.

‘‘ஆபீஸ்ல பெருக்கித் துடைக்கிற அம்மா ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்களுக்கும் பாக்கியா?’’ என்று கேட்டேன்.

‘‘அவங்களுக்கும் நாலு மாசம்.’’

‘‘அவங்க கையில என்ன இருக்கு?’’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘‘வெளக்குமாறுதான்’’ என்றார்.

டிரைவர் வேனை எடுத்துக்கொள்ளலாம் என்றால், கிளார்க் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளலாம். மேனேஜர் கல்லாவையே எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதற்கு அங்கே மதிப்பு கிடையாது. யார் கையில் எது மாட்டியது என்பதுதான் கணக்கு. பெரிய சாவி வைத்திருந்தவருக்குப் பெரிய பங்கு. விளக்குமாறு வைத்திருந்தவருக்கு விளக்குமாறு!

நொடித்த கம்பெனியின் சொத்தில் யாரும் தன்னிச்சையாகக் கை வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது முதலாளியைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாவி இல்லாதவர்களையும் காப்பாற்றுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சாயங்காலம் மெயின் அருவிக்குப் போனோம். மேலேயிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அது நிரம்பிய பிறகுதான் கீழே இறங்குகிறது. திவால் சட்டத்தில் கடன்களை அடைக்கும் வரிசைக்கும் வக்கீல்கள் வைத்திருக்கும் பெயர் அருவிதான்! மேல் படியில் இருப்பவருக்கு நிரம்பிய பிறகுதான் அடுத்த படிக்குச் சொட்டும்.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் போட்ட வரிசை இது. கம்பெனியின் சொத்தை விற்றுப் பணமாக்கினால், முதலில் அந்த நடவடிக்கைக்கான செலவு. அடுத்த படியில், தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியும், அடமானத்தை விட்டுக்கொடுத்துப் பொதுக் கணக்கில் சேர்ந்த பேங்குகளும் சரிசமமாக. அதற்கும் கீழே, மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். சர்க்காரின் வரிப் பாக்கிகூட அதற்குப் பிறகுதான். பங்குதாரர்கள் கடைசி.

பி.எஃப்., கிராஜுவிட்டி விஷயத்தில் இன்னும் ஒரு பாதுகாப்பு உண்டு. அதற்கென்று நிதி ஒதுக்கி வைத்திருந்தால் அந்தப் பணம் விற்கிற சொத்தில் சேராது. அது தொழிலாளியின் சொந்தப் பணம்.

இந்த இடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. ஒரு காலத்தில், கம்பெனியை மூடுவது பற்றி கோர்ட்டில் பேசும்போது தொழிலாளி வாயைத் திறக்க முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. பணம் போட்டவர்களும் கடன் கொடுத்தவர்களும் பேசிக்கொள்ளும் விஷயத்தில் வேலைக்காரனுக்கு என்ன வேலை என்பதுதான் எண்ணம். தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், தொழிலாளர்களையும் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். இரண்டு பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் கதையே வேறு! மூன்று வருடம் கழித்து, 1985இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் பாக்கியை அடமானம் பிடித்த பேங்குக்குச் சமமாக உட்கார வைத்தார்கள்.

சட்டப் புத்தகத்தில் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

‘‘சரி அண்ணாச்சி, நான் சாவியைக் குடுத்திருதேன். குடுத்துட்டா, அந்த அம்மாவுக்காவது கிடைச்சிருமா?’’

ஜெட் ஏர்வேஸ் நின்றது 2019 ஏப்ரலில். காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. 2024 நவம்பரில்தான், கம்பெனியைக் கலைத்து விற்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்தரை வருடம்! இன்னொன்றும் பாருங்கள். பாக்கி வைத்த கம்பெனியைத் திவால் கோர்ட்டுக்கு இழுக்க, பாக்கி குறைந்தது ஒரு லட்சம் இருந்தால் போதும் என்றிருந்தது. 2020 மார்ச்சில் அதை ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். நாலு மாதச் சம்பளத்துக்காக ஒரு டிரைவர் தனியாக அந்தப் படியை ஏற முடியுமா? சங்கமாகச் சேர்ந்து போனால் உண்டு. தொழிற்சங்கம் தொழிலாளர் சார்பில் மனுப் போடலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சங்கமே இல்லாத சின்னக் கம்பெனிக்காரர் எங்கே போவார்?

கையில் இருப்பதை எடுக்காதே என்று ஒருவரிடம் சொன்னால், அவர் பங்கை நேரத்துக்கு வாங்கிக் கொடுக்கும் கடமை சொன்னவர்களுக்கு வந்துவிடுகிறது. ஐந்து வருடம் காக்க வைத்துவிட்டு, நீ நேர்மையாக இரு என்று பாடம் நடத்துவது நியாயமில்லை. பசித்தவனின் நேர்மையையும் கடனாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இருப்பதுதான் அது.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை. நொடித்துப்போவது பாவமில்லை. யாருக்கும் வரலாம். ஆனால், கப்பல் முழுகுவது தெரிந்தும் அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் என்று சொல்லி வேலை வாங்குவது பாவம். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. இந்தக் கோயிலில் பின்னால் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிவேன் என்கிறது அது. கட்டுகிறபோதே, இது ஒருநாள் உடையலாம் என்று யோசித்த ராஜா! அந்த ராஜகோபுரமும் பல காலம் பிளந்துகிடந்து, 1990இல்தான் மறுபடி எழுந்தது. கம்பெனி தொடங்கும் நாளில் எத்தனை பேர், இது உடைந்தால் யார் தலையில் விழும் என்று யோசிக்கிறார்கள்?

டிரைவரிடம் கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். ‘‘விக்காதீங்க தம்பி. அதுக்காக சாவியைச் சும்மாவும் குடுத்துராதீங்க. வண்டி என்ன நிலைமையில இருக்குன்னு எழுதி, கையெழுத்து வாங்கிட்டுக் குடுங்க. சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், டிரிப் ஷீட் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க. பாக்கி பேரெல்லாம் சேர்த்து ஒரே மனுவா எழுதுங்க. அந்த அம்மா பேரை விட்டுராதீங்க.’’

அவர் அப்படியே செய்தார். பேங்க் ஆள் வந்தபோது கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்திருக்கிறார். மனுவில் முதல் பெயர் அந்த அம்மாவுடையது.

அடுத்த சீஸனுக்கும் போன் வந்தது. யாருடைய ஆட்டோவையோ வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

‘‘பாக்கி வந்துச்சா தம்பி?’’

‘‘இன்னும் இல்ல அண்ணாச்சி. ஆனா, ராத்திரி தூக்கம் வருது. நீங்க எப்ப வாறீய?’’