விண்கல் வாங்கலாமா? கையில வாங்குறவன் சொந்தக்காரனா, காவல்காரனா?



நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணே, ஆன்லைன்ல சின்னச் சின்ன விண்கல் துண்டு விக்கிறாங்க. ஒண்ணு வாங்கி பூஜை அறையில வேல் பக்கத்துல வைக்கலாமா? தப்பா?" இலத்தூர்ல லீவுக்கு வந்திருந்தப்போ இதை யோசிச்சேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அந்த ஆசை தப்பில்ல. 1969-ல மெக்சிகோவில் அயெண்டேன்னு ஒரு கல் விழுந்துச்சு. அதுக்குள்ள இருக்கிற வெள்ளைத் துகளோட வயசு சுமார் 457 கோடி வருஷம். நம்ம பூமி முழுசா உருவாகுறதுக்கு முன்னாடியே இருந்த துகள்! அதைக் கையில வச்சுப் பார்க்கணும்னு யாருக்குத்தான் தோணாது?

ஆனா வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேற. இது எங்க இருந்து வந்துச்சு?

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை ஞாபகம் இருக்கா? அரியலூர் பக்கத்துக் கோவில்ல திருடின சிலை அது. 2008-ல ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் காசு கொடுத்துத்தான் வாங்குச்சு. ஆவணமும் கையில இருந்துச்சு. அந்த ஆவணம் பொய்ன்னு தெரிஞ்சு, 2014-ல சாமி திரும்பி வந்தார். "பில் இருக்கு, அதனால இது என்னோடது"ன்னு சொன்னா மட்டும் போதாதுன்னு அன்னைக்கே நாம எல்லாரும் புரிஞ்சுக்கிட்டோம்.

அதே அளவுகோல் கல்லுக்கும் பொருந்தும். இணையத்துல அதிகமா விக்கிற இரும்பு விண்கல், அர்ஜென்டினாவோட காம்போ டெல் சியேலோ. அந்த நாடு 2007-ல விண்கற்களைத் தன் பண்பாட்டுச் சொத்துன்னு சட்டமே போட்டிருச்சு. அப்போ உன் கைக்கு வர்ற துண்டு சட்டத்துக்கு முன்னாடி வெளிய வந்ததா, பின்னாடி கடத்தினதா? இந்தியாவுல விழுற கல்லுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைதான் காப்பாளர். 2008 செப்டம்பர் 12-ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில சுமார் 110 கிலோ கல் விழுந்துச்சே, அப்படி நாளைக்கு நம்ம ஊர் வயல்ல ஒண்ணு விழுந்தாலும் உடைச்சுப் பங்கு போடக் கூடாது. விழுந்த இடம், நேரத்தைக் குறிச்சு வச்சு தாலுகா ஆபீஸுக்குச் சொல்லணும்.

அதுக்காக சேகரிக்கிறவங்க எல்லாரும் திருடங்கன்னு சொல்ல வரல. சகாரா பாலைவனத்துல நாடோடிகள் தேடி எடுத்து வித்ததாலதான் பல அபூர்வக் கற்கள் விஞ்ஞானிகள் கைக்கே வந்துச்சு. ஒரு புதுக் கல்லுக்கு முறைப்படி பேர் கிடைக்கணும்னா 20 கிராம், இல்லன்னா மொத்த எடையில 20 சதவீதம், இதுல எது குறைவோ அதை ஆய்வுக்குன்னு ஒரு நிறுவனத்துல ஒப்படைக்கணும். முதல்ல அறிவுக்குக் கொடுத்துட்டு மிச்சத்தை விக்கிற அந்த ஒழுங்கு எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்போ நம்ம கந்தபுராணத்துக்கு வருவோம். சிவனோட நெற்றிக்கண்ல பிறந்த பொறியை அக்னியும் வாயுவும் சுமந்தாங்க, கங்கை சுமந்தா, சரவணப் பொய்கை தாங்குச்சு. கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்து வளர்த்தாங்க. இதுல ஒருத்தராவது "இது என்னோடது"ன்னு பிடிச்சு வச்சுக்கிட்டாங்களா? ஆளாளுக்குக் கொஞ்ச தூரம் சுமந்து பத்திரமா அடுத்தவங்க கையில சேர்த்தாங்க. அவங்க பெருமையே அதுதான்.

அதனால தம்பி, வாங்கு. ஆனா பேர், கிடைச்ச இடம், வருஷம், யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சுங்கிற விவரத்தோட வாங்கு. அந்தச் சீட்டைத் தொலைச்சிடாதே. பூர்வீகம் போயிட்டா அது வெறும் கருப்புக் கல், ஆய்வுக்கும் பாதி உதவாது. "தோஷம் போகும், சக்தி வரும்"னு சொல்லி விக்கிறவன்கிட்ட வாங்காதே. அவன் விக்கிறது உன் பயத்தை. வேலை நம்புறவனுக்கு அந்தப் பயம் எதுக்கு?

457 கோடி வருஷம் இருந்த பொருள் நம்மகிட்ட இருக்கப்போறது மிஞ்சிப்போனா ஐம்பது வருஷம். அதுவரைக்கும் நாம காவல்காரங்கதான். அடுத்த கைக்குக் கல்லோட அதோட உண்மையும் போய்ச் சேரணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!